உயிரோடு இருந்தவளுக்குப் போட்ட மொட்டை

மார்பில் கட்டி என்று வருகிற பெண் முதலில் சொல்லும் காரணத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மாடு முட்டியது என்பாள், பிள்ளை உதைத்தது என்பாள், குடத்தின் விளிம்பு இடித்தது என்பாள். எப்போது என்று கேட்டால் போன வாரம் என்பாள். கட்டியோ வருஷக்கணக்கில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வராது. தானாக வந்த நோய் என்றால், இவளுக்கு மட்டும் ஏன் வந்தது என்று ஊர் கேட்கும். மாட்டின் மேல் பழியைப் போட்டால் மாடு மறுத்துப் பேசாது.

இந்தக் கதையை இப்போது கிளறக் காரணம் உண்டு. என்னிடம் காயம் கட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் இப்போது நர்ஸ்கள். வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை போட்டாகிவிட்டது, புற்றுநோய்க்காரப் பெண்களை இனி ஒருவர் கண்ணிலும் படாமல் மறைத்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

“உங்கட காலத்திலை திரை இல்லைத்தானே அன்ரி. அந்தப் பெண்டுகள் எப்பிடிச் சமாளிச்சவை?” என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குத் திரை என்றாலே சந்தேகம். அது உள்ளே படுத்திருப்பவளுக்காகவா, வெளியே நிற்பவர்களுக்காகவா? தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறைத்து வைக்கப்பட்ட ஒருத்தியின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அரசாங்கக் கந்தோரில் எழுத்தராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்தேன். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பிள்ளையும் இல்லை, ஊருக்குத் திரும்பி அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒதுங்க மனமும் இல்லை. ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். மொழிபெயர்க்கப் போனவள் மெல்ல மெல்லக் காயம் கட்டவும் பழகி நர்ஸ் ஆனேன். அந்த வருஷங்களில் கற்றதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: கையைக் கழுவு, கழுவிவிட்டேன் என்று நினைத்தால் இன்னொரு தரம் கழுவு.

வார்டுக்குத் தலைவியான மேட்ரன் ஒரு வெள்ளைக்காரி. நெடிய உருவம், கஞ்சி போட்ட உடுப்பு, சிரிப்பைச் செலவழிக்க மாட்டார். அவரைப் போலச் சந்தேகப்படும் மனுஷியை நான் அதற்குப் பிறகு கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொதித்தது என்று ஆயா சொன்னால் மூடியைத் திறந்து ஆவியைப் பார்ப்பார். காயத்துணி வெந்தது என்றால் முகர்ந்து பார்ப்பார். பார்வை நேரத்தில் வாசலிலேயே நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரின் தூக்குச்சட்டியையும் திறக்கச் சொல்வார். நோயாளியின் சொந்தக்காரர்கள் அழுதால் அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு என்னிடம் திரும்பி, “இப்போது நிஜமாக என்ன நடந்தது என்று கேள்” என்பார்.

என் மொழிபெயர்ப்பையும் அவர் நம்பவில்லை. அதற்கு ஒரு பழைய கதை இருந்தது. நான் சேருவதற்கு முன்னால் ஒரு கணக்கப்பிள்ளையின் மனைவிக்கு மார்பு அறுவை நடந்ததாம். மொழிபெயர்த்த ஆள், பாவம் பயப்படுவாளே என்று, “சின்னதா ஒரு கீறல்” என்று சொல்லிவிட்டான். மயக்கம் தெளிந்து நெஞ்சைத் தடவிப் பார்த்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வீட்டுக்குப் போகும்வரை ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிலிருந்து மேட்ரன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னால் மட்டும் போதாது. என் உள்ளங்கையைச் சேலைக்கு மேலே அந்தப் பெண்ணின் கழுத்தெலும்புக்குக் கீழே வைக்க வேண்டும். “இங்கேயிருந்து” என்று சொல்லி மெல்ல நகர்த்தி, மார்பைத் தாண்டி அக்குள்வரை கொண்டுபோய், “இதுவரைக்கும் இருக்காது” என்று சொல்ல வேண்டும். பிறகு அவள் தன் கையால் அதே இடத்தைத் தொட்டு, என்ன போகப்போகிறது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். அதைச் செய்வது எனக்கு ஒருநாளும் சுலபமாக இருந்ததில்லை. ஆனாலும் அந்த வழக்கம் சரியானது என்றுதான் இன்றும் சொல்வேன்.

அறுவை முடிந்தால் ஆயிற்று என்று டாக்டர்கள் நினைப்பார்கள். எங்களுக்குத்தான் தெரியும், பாதிதான் ஆயிற்று என்று. காயம் ஆறி வீட்டுக்குப் போன ஒருத்தி கட்டு மாற்ற வந்தபோது, “எங்க வீட்டுல எனக்குத் தினம் தலைவாழை இலதான் நர்சம்மா, விருந்தாளி மாதிரி” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வாசல் தாண்டும்போதுதான் சொன்னாள்: “தட்டுன்னா யாராச்சும் கழுவணும்ல.”

இனி அந்த ஒருத்தியின் கதைக்கு வருகிறேன். மின்சார டிராம் சிங்கப்பூர்த் தெருக்களில் புதிதாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு காலை, நாற்பதை எட்டாத ஒரு பெண்ணும் அவள் புருஷனும் வந்தார்கள். பெயர் தங்கம்மாள் என்றார் அவர். தஞ்சோங் பகாரில் கப்பலுக்குக் கரி சுமக்கிற வேலை, அங்கேயே கூலி லைனில் குடியிருப்பு என்றார். “தங்கம்மாள்” என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. புருஷன் முழங்கையால் இடித்த பிறகுதான் திரும்பினாள். கரி சுமக்கிறவர் நகக்கண்ணில் கரி இல்லை, சட்டையில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. எனக்கு அது போதும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் எந்தப் பெண்ணுக்கும் வருவதுதான். பொய்ப் பெயரில் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவன் அவளைத் திரும்பக் கூட்டிப்போக வரமாட்டான். வேறு யாரையோ பார்த்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். மேட்ரனிடம் சொன்னபோது, “நானும் அதைத்தான் நினைத்தேன், வாசலைக் கவனி” என்றார்.

டாக்டர் பார்த்தார். வலது மார்பில் கட்டி, மேல்தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார். நான் வழக்கப்படி கையை வைத்துச் சொன்னேன். இங்கேயிருந்து, இதுவரைக்கும். அவள் தன் கையை என் கைக்கு மேலே வைத்து, அதே வழியில் அக்குள்வரை கொண்டுபோனாள்.

“மாரு போவும். புரியுது” என்றாள். “கை?”

“கைக்கு ஒண்டும் செய்யமாட்டினம்.”

“வெரல மடக்கி அமுக்க முடியுமா? அதக் கேட்டுச் சொல்லுங்க.”

பிழைப்பேனா என்று கேட்பார்கள், வலிக்குமா என்று கேட்பார்கள். விரலை அமுக்க முடியுமா என்று கேட்டவளை நான் அதுவரை பார்த்ததில்லை. விரலுக்கு ஆபத்தில்லை, தோள்தான் இறுகும் என்றார் டாக்டர். அதைச் சொன்னதும் சரி என்றாள்.

க்ளோரோபார்ம் முகமூடி இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் கணுவில் காய்ப்பு, கல்லைப் போல. அறுவை நல்லபடி முடிந்தது. ஆனால் இழுத்துத் தைத்த தோல் ஓரிடத்தில் கூடாமல் கறுத்து, சீழ் வைத்துக்கொண்டது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவள் மாதக்கணக்கில் கிடந்தாள்.

வார்டிலே அவள் பட்டது காயத்தைவிடப் பெரிது. பக்கத்துக் கட்டில்காரி, காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு கட்டில் கேட்டாள். எதிர்க் கட்டிலில் கைக்குழந்தையோடு இருந்தவள், பால் கொடுக்கும்போது இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பானையில் கிடந்த பொதுக் குவளை ஒருநாள் காணாமல் போய், ஆளுக்கொரு குவளை வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இவளோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வலது கை விரல்களைப் போர்வைக்கு மேலே மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

புருஷன் மட்டும் பார்வை நாள் தவறாமல் வந்தார். நான் எதிர்பார்த்தது நடக்காததே எனக்கு இன்னொரு சந்தேகம். ஒருநாள் செம்பில் பால் கொண்டுவந்தார். மேட்ரன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார். அவள் ஒரு வாய் குடித்ததும் செம்பைக் கீழே வைத்தாள்.

“கறுப்பி பாலு இல்லையே இது. கறுப்பி வத்திப்போச்சா?”

“அக்கா கைக்கு அது மடி விடமாட்டேங்குது. ஒதைக்கிது” என்றார் அவர். சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார்.

“கரிக் கப்பலிலை பசுமாடும் நிக்குதோ?” என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கட்டு மாற்றும்போது அவளிடம் நேராகவே கேட்டேன். “முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கேலாது, பிள்ளை. உம்மட உண்மையான பேர் என்ன?”

“செங்கமலம்” என்றாள். சொன்னதும் அவள் தோள் தளர்ந்ததை என் கையில் உணர்ந்தேன்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்களுக்கு மாட்டுக்கொட்டகை. பால் வியாபாரம். புருஷன் வேலாயுதம் புல் அறுப்பார், தண்ணீர் காட்டுவார். கறப்பது செங்கமலம்தான். தேக்கா பக்கத்துக் குடும்பங்கள் விடியலில் செம்போடு வந்து வாசலில் நிற்கும், கண் முன்னால் கறந்ததை வாங்கிப்போகும். கைச்சுத்தம் என்று பெயர் எடுத்தவள். அப்படிப்பட்டவளின் மார்பில் புற்று என்று தெரிந்தால் அந்தக் கை கறந்த பாலை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? முன்பு இன்னொரு பால்கார வீட்டில் பிள்ளைக்குச் சிரங்கு வந்ததற்கே தெரு மொத்தமும் கடை மாறிவிட்டதாம்.

“அவரு மேல தப்பு இல்ல நர்சம்மா. நான் கப்பலேறி ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லச் சொன்னதே நாந்தான். ஒரு மாசத்துல ஆறிரும், போன மாதிரியே திரும்பி வந்துரலாம்னு நெனச்சேன்.”

“இப்ப எத்தினை மாதம்?”

“அதான் பயமா இருக்கு” என்றாள்.

அவர்களுக்கு ஒரே மகள், ராசாத்தி, பெரியவளாக இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அவளுக்கும் அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வீட்டையும் கொட்டகையையும் வேலாயுதத்தின் அக்காள் அஞ்சலை பார்த்துக்கொண்டாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் செங்கமலத்தின் குரல் மாறியதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த பார்வை நாளில் வேலாயுதம் தலையில் துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தார். மீசை இல்லை. வாசலிலேயே மறித்தேன்.

“தலையிலை என்ன காயமோ?”

“வேண்டுதலுங்க. கோயில்ல முடி எறக்குனேன்.”

“துண்டை எடும், பாப்பம்.”

எடுத்தார். மழித்த தலையில் சந்தனம் இல்லை. நான் கிறிஸ்தவ வேதக்காரிதான். ஆனால் நேர்த்திக்கு முடி இறக்கியவர்கள் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பூரிப்போடு திரும்புவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். இது வேறு மொட்டை. உள்ளே விடலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் செங்கமலம் கட்டிலிலிருந்து பார்த்துவிட்டாள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அந்தத் தலையையும் உதட்டின் மேலிருந்த வெளுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாரு போனது? ஊர்ல அத்தையா?”

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

“அப்ப யாருக்கு?” அவர் துண்டைக் கசக்கினார். “எனக்கா?”

அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வார்டில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். ஊருக்குப் போனவள் ஏன் இன்னும் வரவில்லை, ஊரிலிருந்து வந்தவர்கள் யாரும் ஏன் அவளைப் பார்க்கவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரிப் பக்கம் வேலாயுதத்தைப் பார்த்ததாகவும் பேச்சு. அஞ்சலை ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: ஊரில் காலரா, செங்கமலம் போய்விட்டாள் என்று ஆள் மூலம் செய்தி வந்திருக்கிறது. செத்தவளுக்குக் கருமாதி செய்யாவிட்டால் தெரு நம்புமா? கருமாதியும் நடந்தது.

“ராசாத்தி அழுதாளா?” என்று கேட்டாள் செங்கமலம்.

“அழுதா” என்றார் அவர். “அவளுக்கும் நெசம் சொல்லல. சின்னப் புள்ள, வாய் தவறிச் சொல்லிருவான்னு அக்கா சொன்னுச்சு. நீ கவலப்படாத. ஆறுனதும் ஜொகூர்ல சின்னம்மா வீட்டுல கொண்டு போயி விட்டுர்றேன். மாசாமாசம் வந்து பாத்துக்கறேன்.”

“செத்தவள வந்து என்னத்தப் பாப்ப? எந்திரிச்சுப் போ.”

அவள் குரல் உயரவில்லை, கண்ணில் தண்ணீரும் இல்லை. அந்த ஆளைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்காது. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். அவர் கெட்டவர் இல்லை, அக்காள் கிழித்த கோட்டைத் தாண்டாதவர், அவ்வளவுதான்.

மேட்ரனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும், “உயிரோடு இருப்பவளை எதற்காகக் கொன்றார்கள்?” என்று கேட்டார். பாலுக்காக என்றேன். உடனே போய் டாக்டரைக் கூட்டிவந்தார். இந்த நோய் கையால், பாலால் ஒட்டுமா என்று கேட்டார். “ஒட்டி நான் பார்த்ததில்லை” என்றார் டாக்டர். ஒட்டாது என்று அவர் சொல்லவில்லை, பார்த்ததில்லை என்றுதான் சொன்னார். நானும் அதை அப்படியே செங்கமலத்திடம் சொன்னேன். நோய் மறுபடி வரலாம் என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை. சில வருஷம் கழித்து அது வரவும் செய்தது.

“வரலாம்னா, வர்ற வரைக்கும் நான் எங்க இருக்கணும்?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் வேறு ஆள். அறுவை செய்துகொண்டவர்களைச் சுவரோரம் நிறுத்தி, விரல்களைச் சுவரில் மெல்ல மேலே ஏற்றச் சொல்வது மேட்ரனின் வழக்கம். தோள் இறுகாமல் இருக்க அதுதான் மருந்து. பெண்கள் வலி தாங்காமல் பாதியில் இறக்கிவிடுவார்கள். செங்கமலமோ உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றினாள். “போதும், காயம் வெடிச்சுப்போடும்” என்று நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. காயத்துக்கு இன்னும் கட்டு மாற்ற வேண்டியிருந்ததால், என்னையும் கூடப் போகச் சொன்னார் மேட்ரன். அது காயத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். “அவர்கள் கதவைச் சாத்தினால் வந்து சொல்” என்றார்.

“பொழுது பட்ட பிறகு போவமே. சனம் பாராது” என்றேன் நான்.

“இருட்டுல பேயிதான் வரும் நர்சம்மா. நான் விடிஞ்சு, சனம் சொம்போட நிக்கிறப்பத்தான் போவேன்.”

ரிக்ஷாவில் போனோம். ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். சந்து முனையில் இறங்கி நடந்தாள். கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். முதலில் பார்த்தவள் “ஐயோ” என்றாள். அடுத்தவள் கையில் இருந்த செம்பு விழுந்து உருண்டது. பசுவின் அடியில் குந்தியிருந்த தடித்த பெண் எழுந்து, வாயைத் திறந்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள்தான் அஞ்சலை என்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கன்றைப் பிடித்துக்கொண்டிருந்த ராசாத்தி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள். பேயின் கால் தரையில் படாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களே. கால் படிந்திருந்தது, சேறும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். செங்கமலம் வலியில் முகம் சுளித்தாளே தவிர, பிள்ளையை விலக்கவில்லை.

“நான் ஊருக்குப் போவல, சாவல” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “மாருல கட்டி. ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்துட்டாங்க. இந்தா, இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, பாத்துக்குங்க. ஒட்டி நான் பாத்ததில்லன்னு டாக்டரு சொன்னாரு. நம்புறவங்க நில்லுங்க, நம்பாதவங்க போங்க.”

ஒருவரும் முன்னால் வரவும் இல்லை, போகவும் இல்லை. வேலாயுதம் புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடி வாசலில் உறைந்து நின்றார். செங்கமலம் கையைக் கழுவிக்கொண்டு கறுப்பியின் பக்கத்தில் குந்தினாள். கன்று முட்டிய பிறகு காம்பைப் பிடித்தாள். வலது கை தடுமாறியது. கறுப்பி திரும்பி அவளை முகர்ந்தது, காலை அகட்டி நின்றுகொண்டது. பால் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டபோது நான் எனக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டுக் காத்தாயி, இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், முதலில் செம்பை நீட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நீட்டினார்கள். மற்றவர்கள் வெறும் செம்போடு போனார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. காத்தாயி பால் வாங்கிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்த் திசையில் போனாள். நான் பின்னாலேயே போனேன். சந்து வளைகிற இடத்தில் நின்றாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், செம்பைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

செங்கமலத்திடம் சொல்வதில்லை என்றிருந்தேன். கட்டு மாற்றும்போது அவளே கேட்டாள். “பின்னாடியே போனீங்களே. ஊத்துனாளா?”

“ஊத்தினவள்” என்றேன்.

“நாளைக்கும் வருவா பாருங்க. என் மூஞ்சிய முறிக்கமாட்டா. காசு போட்டு வாங்குன பால எத்தினி நாளைக்குச் சாக்கடைக்குக் குடுக்குறான்னு பாத்துருவோம்.”

கட்டு மாற்றப் போன நாளெல்லாம் நான் அந்த வளைவில் ஒளிந்து நின்றேன். காத்தாயி வந்தாள், வாங்கினாள், ஊற்றினாள். மறுபடி வந்தாள், மறுபடி ஊற்றினாள். அஞ்சலை தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டு வேறு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலாயுதத்தின் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. செங்கமலம் அவரோடு இன்னும் பேசவில்லை.

பிறகு ஒரு காலை. காத்தாயி சாக்கடையோரம் நின்று செம்பைச் சாய்த்தாள். சாய்த்தவள் நிறுத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிள்ளையைக் கீழே இறக்கி, செம்பைத் தூக்கித் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். குடித்துவிட்டு, தனக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பார்ப்பவளைப் போல அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிள்ளை செம்புக்குக் கை நீட்டியது. அதற்குக் கொடுக்கவில்லை.

நான் ஓடிப்போய்ச் செங்கமலத்திடம் சொன்னேன். அவள் கறந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“முழுசுமா? இல்ல, பாதிய ஊத்திட்டாளா?”

“ஒரு சொட்டும் விடேல்லை, பிள்ளை. நான் பாத்தனான்.”

அவள் கை நின்றது. தன் கருமாதி நடந்ததைக் கேட்டபோதுகூட அழாதவள், கறுப்பியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.